கிள்ளானில் மலேரியாவை ஒடுக்கிய வரலாறு

ஒரே நோயை நாடுகள் வெவ்வேறு விதமாக எதிர்கொள்கின்றன. இதற்கு நம் கிள்ளானின் வரலாறே நல்ல சான்று என்பதை அன்பர்களுக்கு எடுத்துக்கூற விழைகிறேன்.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் 1897-இல் இந்தியாவில் கண்டறிந்தார். இத்தாலி 1900-இல் சட்டம் இயற்றி, அரசே கொயினா மருந்தை மலிவாக விற்க வழிசெய்தது. லாகூர் அருகே மியான் மிர் இராணுவ முகாமில் 1902-இல் தொடங்கிய கொசு ஒழிப்பு முயற்சியோ எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

கிள்ளானுக்கு 1901-இல் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டவும் காட்டை அழிக்கவும் வலியுறுத்தினார். அவ்வாண்டு கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். மறு ஆண்டு 59 பேர் மட்டுமே.

ஆனால் அதே முறை மலையோரத் தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்குள்ள கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் வளர்வது. காட்டை வெட்டியதும் அது பெருகியது. நம் தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டனர். பின்னர் ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் நோயைக் கட்டுப்படுத்தினர்.

பிறர் அனுபவத்தைக் கற்பதோடு, அது நம் மண்ணுக்குப் பொருந்துமா என்று ஆராய்வதும் அவசியம் என்பதே என் கருத்து. இன்று நம்மை வருத்தும் டிங்கிக் கொசு சதுப்பு நிலத்தைத் தேடுவதில்லை. பூச்சட்டியிலும் வாளியிலும் தேங்கும் நீரே அதற்குப் போதும். ஆகவே, இல்லத்திலும் ஆலய வளாகத்திலும் தேங்கிய நீரை வாரந்தோறும் அகற்றுவோம். அதுவும் ஒரு திருப்பணியே.