மணலும் களிமண்ணும்: எருவின் சத்து எங்கே போகிறது?

ஐப்பசி அடைமழையில் எருக்குவியலின் அடியிலிருந்து பழுப்பு நிற நீர் வழிந்தோடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அந்நீரோடு உழவரின் முதலும் கரைந்து ஓடுகிறது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மக்கிய தொழு உரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கு தழைச்சத்து உண்டு. ஏக்கருக்கு 5 டன் இட்டால் 25 கிலோ தழைச்சத்து நிலத்தைச் சேர்கிறது. இஃது ஏறக்குறைய 54 கிலோ யூரியாவில் உள்ள சத்துக்கு ஈடாகும். இதனைக் காப்பதும் இழப்பதும் நம் கையில் உள்ளன.

கால்நடைகளின் சிறுநீரில் உள்ள தழைச்சத்து விரைவில் அம்மோனியாவாகவும், பின்னர் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. நைட்ரேட்டை மண் பற்றி வைத்துக்கொள்வதில்லை. நீரோடு அது கீழே இறங்கிவிடும். சாணத்திலும் குதிரை இலத்தியிலும் உள்ள சத்து மெல்ல மெல்லவே விடுபடும். எனினும், உண்ணும் பயிர் இல்லாத நிலத்தில் பெருமழை பெய்தால் அதிலும் ஒரு பகுதி வீணாகும்.

இவ்வகையில் நெதர்லாந்து நாட்டின் அனுபவம் நமக்குப் பயன்படும். அங்கே கறவை மாடுகளோடு சவாரிக் குதிரைகளும் இலட்சக் கணக்கில் வளர்க்கப்படுகின்றன. அந்நாட்டின் மணற்பாங்கான பகுதிகளில் நைட்ரேட் நிலத்தடி நீரில் மிகுதியாகக் கலந்தது. களிமண் பகுதிகளில் அது குறைவாகவே இருந்தது. 1991-இல் ஐரோப்பிய நாடுகள் ஒரு பொதுவிதி வகுத்தன. அதன்படி, எருவின் வாயிலாக எக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 170 கிலோ தழைச்சத்து என்பது பொது வரம்பு. பயிர் வளராத குளிர்காலத்தில் எரு இடுவதற்குத் தடையும் உண்டு. அதுவரை எருவைச் சேமித்து வைக்கும் இடவசதியை உழவர் கொண்டிருத்தல் வேண்டும்.

நம் கடலூர் மாவட்டத்திலும் இவ்விரு மண்களும் உள்ளன. கடலூரை அடுத்த கடற்கரை மணலில் நீர் விரைந்து இறங்கும். சிதம்பரம் வட்டத்து நெல்வயல்களின் களிமண்ணிலோ நீர் தேங்கி நிற்கும். அங்கே நைட்ரேட் கீழிறங்குவது குறைவு. ஆனால் காற்றுப் புகாத சேற்றில் அது வாயுவாக மாறிப் பறந்துவிடும்; வரப்பு மீறும் வெள்ளத்தோடும் போய்விடும். நெதர்லாந்தில் மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கிறது. நமக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. 2015 நவம்பரில் பெய்த பெருமழையை இம்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். ஆகவே அவர்களுக்குக் குளிர்காலம் எப்படியோ, நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் அப்படி.

எனவே மணற்பாங்கான நிலம் உடையோர், மழைக்கு முன்னர் வெறும் நிலத்தில் எருவைப் பரப்புதல் கூடாது. மழை ஓய்ந்த பின், மார்கழிப் பட்டத்து மணிலாவுக்கு நிலம் தயாரிக்கும்போது இட்டு, உடனே உழுது மூடுதல் நலம். சம்பா பயிரிடுவோர் நன்கு மக்கிய எருவைக் கடைசி உழவில் மண்ணோடு கலந்து, வரப்பை உயர்த்திக் கட்டுதல் வேண்டும்.

எருக்குழியைத் தாழ்வான இடத்திலோ கிணற்றருகிலோ அமைத்தல் ஆகாது. அடித்தளத்தைக் களிமண்ணால் கெட்டிப்படுத்தி, மேலே தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டால் போதும். தொழுவத்தில் வைக்கோலையும் சருகையும் பரப்பினால் அவை சிறுநீரை உறிஞ்சி, சத்தைப் பிடித்து வைக்கும்.

இது விளைச்சலைப் பற்றிய செய்தி மட்டுமன்று. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இதனை மிஞ்சிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட் போவதில்லை. ஆதலின் ஊராட்சி உறுப்பினர்கள், மணற்பாங்கான ஊர்களின் குடிநீர்க் கிணறுகளை மழைக்கு முன்னும் பின்னும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கச் செய்தல் வேண்டும். குழிக்கு ஒரு கூரை போடுவதால் நிலத்துக்கு உரமும் ஊருக்கு நல்ல நீரும் ஒருங்கே கிட்டும். அடுத்த ஐப்பசிக்கு முன் அக்கூரையை நாம் போட்டுவிடுவோமாக.