குண்டின் நீளமும் குழலின் முறுக்கும்

அமெரிக்கப் படையின் எம்16 ரைஃபிளுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மூன்று விதமான குழல்கள் வந்தன. மூன்றிலும் துளையின் விட்டம் ஒன்றுதான். உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்கள் மட்டுமே மாறின. முதல் குழலில் பள்ளம் 14 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. 1963-இல் அது 12 அங்குலமானது. 1983-இல் மரைன் படை ஏற்றுக்கொண்ட எம்16ஏ2-வில் 7 அங்குலம். ஒரு சுற்றுக்கு ஆகும் இந்த நீளத்தை முறுக்கு வீதம் என்கிறோம். எண் சிறுத்தால் சுழற்சி கூடும். எந்தக் குண்டுக்கு எந்த முறுக்கு என்பதற்குப் பின்னால் அழகான இயற்பியல் இருக்கிறது.

குண்டு எதற்காகச் சுழல வேண்டும்? கூர்முனைக் குண்டுக்குப் பின்பக்கத்தில்தான் எடை அதிகம். காற்றின் எதிர்ப்போ எடைமையத்துக்கு முன்னால் வந்து தாக்குகிறது. மூக்கு இம்மியளவு சாய்ந்தாலும் காற்று அதை மேலும் சாய்க்கும். சுழலாத குண்டு குட்டிக்கரணம் அடித்துவிடும். பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். சுற்றாத பம்பரம் ஆணியின் மேல் நிற்காது. சுற்றும் பம்பரத்தைப் புவியீர்ப்பு சாய்க்கப் பார்த்தால், அது விழாமல் தலையை வட்டமாக ஆட்டுகிறது. குண்டிலும் அதுவே நடக்கிறது: காற்றின் தள்ளுவிசை மூக்கைச் சிறு வட்டத்தில் சுற்றவைக்கிறதே தவிர, குண்டைக் கவிழ்க்க முடிவதில்லை. இதைச் சுழல்நிலைப்பு என்று சொல்லலாம்.

7 அங்குலம் என்பது 178 மி.மீ. அரை மீட்டர் நீளமுள்ள எம்16 குழலுக்குள் குண்டு மூன்று சுற்றுக்கூட முடிப்பதில்லை. ஆனால் நொடிக்கு 940 மீட்டர் வேகத்தில் வெளியே வரும்போது, நொடிக்குச் சுமார் 5,280 தடவை சுழல்கிறது. நிமிடக் கணக்கில் அது மூன்று லட்சத்தைத் தாண்டும்!

எவ்வளவு சுழற்சி போதும்? இதற்கு எளிய விடை தந்தவர் இங்கிலாந்தின் வூலிச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில். 1879-இல் அவர் தந்த விதி ஒரே வரிதான். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள்; 150-ஐ அந்த எண்ணால் வகுத்தால், முறுக்கு வீதம் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு இருக்கலாம் என்று தெரிந்துவிடும். இன்றைய அதிவேகக் குண்டுகளுக்கு 150-க்குப் பதில் 180 போடுகிறார்கள்.

எம்16-இன் முதல் குண்டுக்கு விட்டம் 5.7 மி.மீ., நீளம் ஏறத்தாழ 19 மி.மீ. 180 வைத்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 12 அங்குலம் வருகிறது. இந்த விதியில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். குண்டு நீளமாக நீளமாகக் காற்றுக்கு நெம்பும் பலம் கூடுகிறது. அதை எதிர்க்கும் சுழற்சியின் உறுதியோ விட்டத்தைப் பொறுத்தது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் அதே எடையில் செம்பால் செய்த குண்டு நீளமாகிவிடும். அதற்கு இன்னும் இறுக்கமான முறுக்கு வேண்டும்.

அப்படியென்றால் 14 அங்குலக் குழல் முதலில் எப்படிச் சமாளித்தது? மிதமான வெப்பத்தில் மட்டும், மயிரிழையில். மைனஸ் 50 டிகிரி செல்சியஸில் உள்ள காற்று, 15 டிகிரி காற்றைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அடர்த்தி கூடியது. அடர்ந்த காற்று மூக்கை இன்னும் பலமாகச் சாய்க்கும் என்பதால், கடுங்குளிர்ச் சோதனைகளில் குண்டுகள் நிலைகுலைந்தன. குண்டை மாற்றாமல் முறுக்கை 12 ஆக்கியதும் சிக்கல் தீர்ந்தது.

7 அங்குலம் வந்த கதை இன்னும் சுவையானது. 1980-இல் நேட்டோ நாடுகள் தேர்ந்தெடுத்த 23 மி.மீ. குண்டுக்கு 9 அங்குலமே போதும். ஆனால் அதனுடன் ஓர் ஒளித்தடக் குண்டும் வந்தது. பின்புறத்தில் அடைத்த மருந்து எரிந்து, பறக்கும் பாதையைக் காட்டும் குண்டு அது. ஈயத்தைவிட அந்த மருந்து இலேசு. அதற்கு இடம்விட்டதால் குண்டு 29 மி.மீ.க்கு நீண்டது. எப்போதாவது சுடப்படும் அந்த நெட்டைக் குண்டுக்காக எல்லாக் குழல்களும் இறுகின.

அப்படியானால் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டால் என்ன? அதற்கும் விலை உண்டு. குண்டின் எடைமையம் நடு அச்சிலிருந்து 0.01 மி.மீ. விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 7 அங்குலக் குழலை விட்டு வெளியேறும் கணத்தில், அந்தச் சிறு பிழை குண்டைப் பக்கவாட்டில் நொடிக்கு 33 செ.மீ. வேகத்தில் எறிகிறது. 100 மீட்டர் போவதற்குள் இலக்கு சுமார் 4 செ.மீ. தப்பிவிடும். 12 அங்குலக் குழலில் அது இரண்டு செ.மீ.க்குச் சற்று மேல்தான். மெல்லிய உறை கொண்ட குண்டுகளோ மிகைச் சுழற்சியில் நடுவானிலேயே சிதறிவிடும்.

பறக்கப் பறக்க முன்னோக்கிய வேகம் சட்டென்று குறைகிறது. சுழற்சி மெல்லத்தான் குறைகிறது. அதனால் தொலைவு கூடக் கூடச் சுழல்நிலைப்பும் வலுக்கிறது. சுழல்நிலைப்புக்குக் கடினமான சோதனை குழல்வாயிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே குழல் தேர்பவர்கள் இரண்டு கேள்விகளில் தொடங்குகிறார்கள்: சுடப்போகும் குண்டுகளில் மிக நீளமானது எது, அது சந்திக்கப்போகும் காற்றில் மிகக் குளிர்ந்தது எது? அந்த இரண்டுக்கும் போதுமான முறுக்கு கிடைத்தால் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் இறுக்கும் ஒவ்வோர் அங்குலமும் குண்டின் சிறு பிழைகளைப் பெரிதாக்கும்.