மறுக்கத் தெரிந்த நடிகை

நமது காரியாலயத்துக்கு அடிக்கடி வந்து போகும் நண்பர் ஒருவர், தேசத்தொண்டில் தலை நரைத்தவர், இக்கட்டுரையின் முதல் இரண்டு தாள்களை மேஜைமீது பார்த்துவிட்டு, "தலையங்கப் பக்கத்திலேயே ஸினிமாக்காரியைப் பற்றி எழுத ஆரம்பித்தாயிற்றா?" என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நட்சத்திரங்களின் கல்யாணங்களையும் விவாகரத்துக்களையும் அச்சிட்டுக் காகிதத்தைப் பாழாக்கும் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் உண்டு. அந்தக் கூட்டத்தில் சேர நமக்கு உத்தேசமில்லை. ஆயினும் ஸிஸிலி டைஸன் என்ற அமெரிக்க நடிகையின் ஜீவிய சரித்திரம் வேறு ரகத்தைச் சேர்ந்தது. அறுபது வருஷத்துக்கும் மேலாக டெலிவிஷனிலும் ஸினிமாவிலும் நாடக மேடையிலும் உழைத்த அந்த அம்மையார், தாம் ஏற்று நடித்த வேஷங்களால் எவ்வளவு பெயர் பெற்றாரோ, அவ்வளவுக்கு ஏற்க மறுத்த வேஷங்களாலும் தம் இனத்தாருக்குத் தொண்டு செய்தவர். மறுப்பது என்பது என்ன விலை பெறும் காரியம் என்பதை நமது நேயர்களில் பலர் அறிவார்கள்.

1924-ம் வருஷம் டிசம்பர் 19-ந் தேதி நியூயார்க் நகரத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான நெவிஸிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை தச்சு வேலையும் வர்ணம் பூசும் வேலையும் செய்தார். தாய் பிறர் வீடுகளில் பணிசெய்தார். கிழக்கு ஹார்லெம் பகுதியில் வறுமையில் வளர்ந்த அந்தப் பெண், ஒன்பது வயதில் தெருவில் நின்று பைகள் விற்றதுண்டு. தாயார் கடும் தெய்வபக்தி உடையவர். ஸினிமாக் கொட்டகை பாவத்தின் வாசல் என்பது அவருடைய தீர்மானம். (இந்தத் தீர்மானம் நம்மவர் வீடுகளுக்குப் புதியதன்று.) படிப்பு முடிந்ததும் செஞ்சிலுவைச் சங்கத்தில் டைப் அடிக்கும் உத்தியோகம் கிடைத்தது. இருபது வயதுக்கு முன்பே அவர் ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகியிருந்தார் என்பதை, தொண்ணூற்றாறாவது வயதில் வெளியிட்ட சுயசரிதையில்தான் உலகத்துக்குச் சொன்னார். டைப் மிஷினைத் தட்டுவதற்காகத் தாம் பிறக்கவில்லை என்று ஒரு நாள் தோன்றி, அந்த வேலையை விட்டு, பத்திரிகைப் படங்களுக்கு நிற்கும் தொழிலுக்கும், அதிலிருந்து நடிப்புக்கும் வந்து சேர்ந்தார். தாயார் மகளை வீட்டைவிட்டு வெளியேற்றினார்; நெடுநாள் அவரோடு பேசவேயில்லை. பின்பு ஒரு நாள் மேடையில் மகளைப் பார்த்த பிறகே மனம் இளகினார்.

டைஸன் நடிக்க வந்த காலத்தின் நிலைமையைச் சற்று விளக்க வேண்டும். 1896-ல் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டு, பிளெஸ்ஸி வழக்கில், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி ரயில் வண்டி ஒதுக்குவது சமத்துவத்துக்கு விரோதமன்று என்று தீர்ப்பளித்தது. 1954-ல் பிரௌன் வழக்கில் அதே கோர்ட்டு பள்ளிக்கூடங்கள் விஷயத்தில் அந்தக் கொள்கையைத் தள்ளும் வரையில், ஐம்பத்தெட்டு வருஷகாலம், ஒரு பெரும் ஜனசமூகம் சட்டத்தின் பெயராலேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஓர் இனத்தாரை அடக்கி வைக்கச் சட்டமும் தடியும் மட்டும் போதா. அவர்களைப் பற்றி ஒரு சித்திரமும் வேண்டும். சோம்பேறி, கோமாளி, அறிவில்லாத விசுவாச ஊழியன், திருடன் - இப்படிப்பட்ட சித்திரத்தை ஜனங்கள் மனத்தில் எழுதுவதில் அமெரிக்க ஸினிமா பெரும் பங்கு கொண்டது. 1940-ல் ஹாட்டி மக்டானியல் என்ற கறுப்பு நடிகை, ஒரு வேலைக்காரி வேஷத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றார். கறுப்பர் இனத்துக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார் அதுவே. அன்றிரவு அந்த ஹோட்டலில் அவருக்குச் சக நடிகர்களோடு ஆசனம் கிடைக்கவில்லை. தனியே ஒரு மேஜை போடப்பட்டது. வேலைக்காரி வேஷங்களிலேயே காலம் கழித்தார் என்று அந்த அம்மையாரை இகழ்வோர் உண்டு. நாம் அவர்களோடு சேரவில்லை. வேறு கதவு திறந்திருந்ததா என்று முதலில் விசாரித்துவிட்டல்லவா குற்றம் சாட்ட வேண்டும்?

டைஸன் காலத்தில் கதவு சற்றே திறந்தது. 1961-ல் ழான் ழெனே எழுதிய 'கறுப்பர்கள்' நாடகம் நியூயார்க்கில் ஒரு சிறு அரங்கில் தொடங்கி, 1,408 முறை நடந்தது. பிற்காலத்தில் பெயர் பெற்ற கறுப்பு நடிகர்கள் பலர் அந்த ஒரே மேடையில் இருந்தார்கள். டைஸனும் அவர்களில் ஒருவர். அதைத் தொடர்ந்து 1963-ல் ஸி.பி.எஸ். கம்பெனியின் 'ஈஸ்ட் ஸைட் வெஸ்ட் ஸைட்' என்ற டெலிவிஷன் தொடரில், ஒரு சமூக சேவை ஆபீஸின் காரியதரிசியாக வந்தார். வேலைக்காரியல்ல, காரியதரிசி. அமெரிக்க டெலிவிஷன் நாடகத் தொடரில் ஒரு கறுப்பு மாது இப்படி நிரந்தரப் பாத்திரம் ஏற்றது அதுவே முதல் தடவை. அதைவிடப் பெரிய விஷயம் அவருடைய தலைமுடி. காய்ச்சிய சீப்பாலும் ரசாயனக் குழம்பாலும் முடியை நீட்டி, வெள்ளையரின் முடிபோல் ஆக்கிக்கொண்டு வெளியே வருவதுதான் அக்காலத்தில் கறுப்பு மாதர்களுக்கு மரியாதை. டைஸனோ, சுருண்ட முடியைக் குட்டையாக வெட்டி, இயற்கையாக இருந்தபடியே விட்டுக்கொண்டு லட்சக்கணக்கான வீடுகளின் திரையில் தோன்றினார். தங்கள் தொழில் கெட்டுப்போவதாக முடி அலங்காரக்காரர்களே முறையிட்டார்களாம். ஒரு முழம் கதர்த் துணியால் எவ்வளவு பெரிய வாதங்கள் எழுந்தன என்பதை அறிந்த நமது நேயர்களுக்கு, முடியும் அரசியலாவது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொடரில் ஹார்லெமின் வறுமையை மறைக்காமல் காட்டிய பகுதி ஒன்றைத் தென் மாகாணங்களில் சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. ஒரு வருஷத்தோடு தொடரும் நின்றது.

அடுத்து வந்த காலம் சோதனைக் காலம். 1970-க்குப் பின் ஹாலிவுட் முதலாளிகள், கறுப்பரும் டிக்கட் வாங்குகிறார்கள் என்ற உண்மையைக் கண்டுபிடித்தார்கள். உடனே கஞ்சா விற்பவன், தரகன், துப்பாக்கிக்காரன், அவனைச் சுற்றும் பெண் என்று கதைகள் மளமளவென்று வந்தன. நடிகர்களுக்குப் பணம் வந்தது. 'நம்மவர்க்கு வேலை கிடைக்கிறதே' என்ற சமாதானமும் வந்தது. டைஸன் அந்த வேஷங்களை ஒப்புக்கொள்ளவில்லை. கையில் காசுள்ளவர் மறுப்பது வேறு, அடுத்த வேலை எப்பொழுது என்று தெரியாதவர் மறுப்பது வேறு. அவருடைய மறுப்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்க விரும்புகிறோம். ஏழை வேஷம், அடிமை வேஷம் தமக்குக் கௌரவக் குறைவு என்று அவர் கருதவில்லை. 1972-ல் வெளிவந்த 'ஸௌண்டர்' படமே அதற்குச் சாக்ஷி. முதலில் அவருக்குக் கொடுக்க வந்தது படித்த உபாத்தியாயினி வேஷம். அவர் கேட்டதோ, லூயிஸியானாவில் வாரத்துக்கு நிலம் உழும் குடியானவனின் மனைவி ரெபெக்காவின் வேஷம். பட்டினி கிடக்கும் குழந்தைகளுக்காக மாமிசம் திருடிய கணவன் சிறைக்குப் போகிறான். ரெபெக்கா குழந்தைகளை வைத்துக்கொண்டு விளைச்சலைக் கரை சேர்க்கிறாள். ஒரு நாள் வெயிலில் தூரத்துப் பாதையில் நொண்டி நொண்டி ஓர் உருவம் வருகிறது. யாரென்று தெரிந்த கணத்தில் அவள் கைகளை நீட்டிக்கொண்டு ஓடுகிறாள். காதலுக்கும் அழகுக்கும் பணக்கார வீடும் பட்டுடையும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஹாலிவுட்டுக்கு, அந்த ஓட்டம் ஒரு பாடமாக இருந்தது. அந்த வருஷம் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் போட்டியில் டைஸனும் டயானா ராஸும் ஆக இரண்டு கறுப்பு மாதர்கள் இடம் பெற்றார்கள். பரிசு லைஸா மினெல்லிக்குப் போயிற்று. முப்பது வருஷங்கள் கழித்து 2002-ல்தான் ஹாலி பெர்ரி என்ற கறுப்பு நடிகை அந்தப் பரிசை வாங்க முடிந்தது.

பரிசைவிட அந்தப் படத்தைப் பற்றி டைஸன் பல தடவை சொன்ன ஒரு சம்பவமே நமக்கு முக்கியமாகப் படுகிறது. வெள்ளைப் பத்திரிகை நிருபர் ஒருவர் எழுந்து, தமக்கு நிறத்துவேஷம் இல்லையென்றே இதுவரை நினைத்திருந்ததாகவும், படத்தில் அந்தச் சிறுவன் தன் தகப்பனை 'டாடி' என்று அழைத்தபோது மனம் உறுத்தியதாகவும், தம் மகன் தம்மை அழைக்கும் சொல் அது என்பதே காரணமென்று பிறகு உணர்ந்ததாகவும் ஒப்புக்கொண்டார். அப்பா என்று கூப்பிடும் உரிமைகூடத் தன் இனத்துக்கு மட்டும் சொந்தம் என்று ஒருவர் மனத்தின் அடியில் நினைப்பு இருந்திருக்கிறது. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கிறது! அன்று முதல் நடிப்பை வெறும் ஜீவனோபாயமாக நினைக்கக் கூடாதென்று தீர்மானித்ததாக டைஸன் கூறினார். நியாயஸ்தலத்தில் எத்தனையோ குறுக்கு விசாரணைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஒரு சாக்ஷியிடமிருந்து இப்படிப்பட்ட வாக்குமூலத்தை எந்த வக்கீலும் வரவழைத்ததாக நமக்கு ஞாபகமில்லை.

1974 ஜனவரி 31-ந் தேதி ஸி.பி.எஸ். டெலிவிஷனில் வெளியானது 'மிஸ் ஜேன் பிட்மனின் சுயசரிதை'. எர்னஸ்ட் கெயின்ஸ் 1971-ல் எழுதிய நாவலைத் தழுவியது. அடிமையாகப் பிறந்து, உள்நாட்டு யுத்தத்தைப் பார்த்து, விடுதலை பெற்று, 1960-களின் உரிமைக் கிளர்ச்சி வரை உயிரோடிருக்கும் ஒரு கிழவியின் கதை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த டைஸன், இளம் பெண் முதல் நூற்றுப்பத்து வயது வரை அந்தப் பாத்திரத்தில் வாழ்ந்தார். ஸ்டான் வின்ஸ்டனும் ரிக் பேக்கரும் மணிக்கணக்காக உட்கார்ந்து சுருக்கங்களை ஒட்டினார்கள். நடையும் மூச்சும் குரலும் ஒட்ட முடியாதவை, அவற்றுக்காக வயோதிகர் விடுதிகளுக்குச் சென்று கிழவிகளைக் கவனித்தார்.

படத்தின் முடிவை நாம் எழுதாமல் விட முடியாது. கோர்ட்டு வாசலில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதிய குடிநீர்க் குழாய் இருக்கிறது. உரிமைக்காகப் போராடிய ஒரு வாலிபன் கொல்லப்பட்டுவிட்டான். கிழவி தடியை ஊன்றிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, அந்தக் குழாயை நோக்கி நடக்கிறாள். போலீஸார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து தண்ணீர் குடிக்கிறாள், திரும்பி நடக்கிறாள். அவ்வளவுதான். மூல நாவலில் இந்தக் காட்சி இல்லை, படத்துக்காகச் சேர்த்தது. குளத்திலும் கிணற்றிலும் மனிதனுக்குத் தண்ணீர் மறுத்த பாவத்தைச் சுமக்கும் நாட்டினர் நாம். அந்த நடையைப் பார்த்துவிட்டு அமெரிக்கரை மட்டும் ஏசிக்கொண்டு எழுந்து போக நமக்கு யோக்கியதை இல்லை. அந்தப் படத்துக்கு ஒன்பது எம்மி பரிசுகள் கிடைத்தன. அவற்றில் இரண்டு டைஸனுக்கு.

பின்னர் வந்தவற்றில் சிலவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுவோம். 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பான 'ரூட்ஸ்' தொடரில், ஆப்பிரிக்காவில் மகனைப் பறிகொடுக்கும் தாய் பிந்தாவாக வந்தார். 1978-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டாவாகவும், அதே வருஷத்தில் அடிமைகளை இரகசியமாகத் தப்புவித்த ஹாரியட் டப்மனாகவும் நடித்தார். சங்கீத வித்துவான் மைல்ஸ் டேவிஸை 1981-ல் மணந்ததும், அந்த இல்வாழ்க்கை சில வருஷங்களில் முறிந்ததும் இக்கட்டுரைக்கு அவசியமில்லாதவை. 1994-ல் 'ஸ்வீட் ஜஸ்டிஸ்' தொடரில் ஏற்ற வக்கீல் வேஷத்தை மட்டும், தொழிலபிமானத்தால், சற்று நின்று சொல்லுகிறோம். அதற்கு அவர் மாதிரியாகக் கொண்டவர் டவ்வி ரவுண்ட்ரீ என்ற வாஷிங்டன் வக்கீல் அம்மையார். மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் பஸ்களில் கறுப்பரைத் தனி ஆசனத்தில் உட்கார வைக்கும் வழக்கத்துக்கு எதிராக, ஸாரா கீஸ் வழக்கில் 1955-ல் தீர்ப்புப் பெற்றவர் அவர்.

டைஸனிடம் குறை காண்போரும் இருக்கிறார்கள். துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளும் தாய், தெய்வம் போன்ற கிழவி என்ற வேஷங்கள் இன்னோர் அச்சு அல்லவா, கறுப்பு மாது எப்பொழுதும் உத்தமியாகவே இருக்க வேண்டுமா என்பது அவர்கள் வாதம். இதில் சாரம் உண்டென்று ஒப்புக்கொள்ளுகிறோம். கௌரவத்துக்காகப் போராடுபவர்கள், தங்களவரின் பலவீனங்களைக் காட்டக் கூசுவது எல்லா நாட்டு இயக்கங்களிலும் உள்ளதுதான். ஆனால் 2015-ல், தொண்ணூறு வயதில், 'ஹௌ டு கெட் அவே வித் மர்டர்' என்ற தொடரில் டைஸன் ஏற்ற ஒபிலியா பாத்திரத்தை அந்த வாதக்காரர்கள் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். வயோலா டேவிஸ் நடித்த பேர்பெற்ற வக்கீலுக்கு அவர் தாய். மகளைப் பின்னால் இருந்து தலை சீவி விட்டுக்கொண்டே, சிறு வயதில் அவளைக் கெடுத்த உறவினனை வீட்டோடு கொளுத்தியவள் தானே என்பதைக் கிழவி நிதானமாகச் சொல்லுகிறாள். சட்டப்படி அது கொலை. அவளை உத்தமி என்பதா, குற்றவாளி என்பதா? 1963-ல் தம் முடியைக் கொண்டு வாதத்தைக் கிளப்பியவர், ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து இன்னொரு கறுப்பு நடிகையின் முடியைச் சீவிக்கொண்டு அந்தக் காட்சியை நடித்தார்.

கௌரவங்கள் கடைசியில் மொத்தமாக வந்தன. 2016-ல் ஜனாதிபதி ஒபாமா சுதந்திரப் பதக்கம் அணிவித்தார். 2018-ல் கௌரவ ஆஸ்கார் அளித்தார்கள். அதைப் பெற்ற முதல் கறுப்பு மாது அவரே. சுயசரிதை 2021 ஜனவரி 26-ந் தேதி வெளியாயிற்று. இரண்டு நாள் கழித்து, 28-ந் தேதி, காலமானார்.

இவற்றுக்கெல்லாம் முன்னே, 2013-ல், முப்பது வருஷ இடைவெளிக்குப் பின் அவர் பிராட்வே மேடைக்குத் திரும்பினார். ஹார்ட்டன் புட் எழுதிய 'பௌண்டிபுலுக்கு ஒரு பயணம்' என்ற நாடகம். சாவதற்குமுன் பிறந்த ஊரை ஒரு முறை பார்க்கத் துடிக்கும் கிழவியாக நடித்து, எண்பத்தெட்டாவது வயதில் டோனி பரிசு வாங்கினார். அதில் ஒரு இடத்தில் அந்தக் கிழவி, கோயிலில் பாடும் பழைய கீர்த்தனம் ஒன்றைப் பாடத் தொடங்குவாள். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள், முக்கியமாக ஞாயிறுதோறும் அதைப் பாடி வளர்ந்த கறுப்பு ஜனங்கள், நாடகம் என்பதையும் மறந்து கூடவே பாட ஆரம்பித்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. கொட்டகைக்குள் காலடி வைக்கக் கூடாது என்று தாயாரால் கண்டிக்கப்பட்ட மகள் மேடையில் நின்று பாட, தாயார் போன ஆலயம் போலவே அந்தக் கொட்டகை பல இரவுகள் பாடிற்று.