பாவித்த வேன் வாங்கப் போகிறீர்களா?

பாடசாலை விடுமுறையோ பெருநாளோ நெருங்கினால் பாவித்த வேன்களுக்குக் கிராக்கி கூடிவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் வாடகை கொடுப்பதை விடச் சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்று சகோதரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாவது வாங்கிவிடுகிறார்கள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பாவித்த வாகனங்களின் விலை பெரிதும் ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டாலும், வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் புதிய வேன் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத பொருள்தான். ஆகவே இருபது வருடத்துக்கு மேல் ஓடிய 'டொல்பின்' வேனுக்கும் இலட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது.

இவ்வளவு பணம் கொடுப்பவர் பார்ப்பது என்ன? பெயின்ட், சீட் கவர், ஏசி, செட். வேனுடைய பெறுமதி இவற்றில் இல்லை. மலையில் ஏறி இறங்கும் வலுவிலும், பதிவுப் புத்தகத்திலும்தான் இருக்கிறது.

முதலில் எஞ்சின். பார்க்க வருவதாக அறிவித்துவிட்டு, வேனைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் குறை தெரியும். ஸ்டார்ட் செய்து சிறிது நேரத்துக்குப் பின்னும் நீல நிறப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வெளிவருவது ரிங் தேய்ந்ததன் அடையாளம். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் அந்த வேனை விட்டுவிடுவதே நல்லது. பழைய டொல்பின் எஞ்சினைச் சாதாரண கராஜிலும் திருத்தலாம். அதற்குப் பின் வந்த கே.டீ.எச் வகையில் இன்ஜெக்டர்கள் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்குவதால், அவை பழுதானால் செலவு பெரிது.

அடுத்தது பிரேக். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேல். கம்பளை, றம்பொடை வழியாக அந்த வளைவுகளில் பன்னிரண்டு பேரோடு இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறும். பிரேக் ஒயில் பழையதாக இருந்தால் அதில் ஈரம் சேர்ந்திருக்கும். சூட்டில் அது கொதித்து, பெடல் அடிவரை போனாலும் வண்டி நிற்காது. ஆகவே சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. இறக்கம் உள்ள பாதையில், ஆட்களை ஏற்றி, கியரைக் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டயரில் பூ இருக்கிறது என்பது மட்டும் போதாது. பக்கத்தில் பதித்திருக்கும் இலக்கங்களில் கடைசி நான்கைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் நின்றாலும் ரப்பர் காலத்தால் இறுகி வெடிக்கும்.

பொடியில் துருவைப் புட்டியும் பெயின்ட்டும் மறைத்துவிடும். காந்தத் துண்டு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பக்கங்களில் வைத்துப் பாருங்கள். புட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. கரையோரத்தில் ஓடிய வேன் என்றால் கராஜில் உயர்த்தி அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும். அந்த கராஜ் பாஸ் நீங்கள் அழைத்துச் செல்பவராக இருக்கட்டும், விற்பவரோ தரகரோ காட்டுபவராக வேண்டாம்.

இனிப் பத்திரங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின், செசி இலக்கங்களை வேனில் பதித்திருப்பவற்றுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அப்பெயர் நீக்கப்படும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ஆசனங்களின் எண்ணிக்கை புத்தகத்தில் உள்ளதா என்றும் பாருங்கள். புகைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். வாடகைக்கும் விடும் எண்ணம் இருந்தால் அதைக் காப்புறுதிக் கம்பனிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மறைத்தால் விபத்தின்போது நட்டஈடு மறுக்கப்படலாம்.

'ஓப்பன் பேப்பர்' என்று பெயர் மாற்றாமல் கைமாற்றும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். விபத்தோ குற்றமோ நடந்தால் பொலிஸார் தேடிப் போவது புத்தகத்தில் உள்ளவரைத்தான். எப்போதோ விற்ற வேனுக்காக அவர் அலைய வேண்டியிருக்கும். வாங்கியவருக்கோ வேன் தன்னுடையது என்று காட்ட வலுவான ஆதாரம் இல்லை. பழைய உரிமையாளர் மௌத்தாகிவிட்டால் வாரிசுகளிடம் கையொப்பம் தேட வேண்டும். ஆகவே பணம் கொடுக்கும்போதே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாற்றப் படிவங்களையும் பூர்த்தி செய்து, தாமதமின்றிச் சமர்ப்பித்துவிடுங்கள்.

நமது மார்க்கத்தில் இதற்கு அழகிய வழி ஒன்று உண்டு. 'கியார்' என்னும் நிபந்தனையின்படி, பொருள் பிடிக்காவிட்டால் வியாபாரத்தை முறிக்கும் உரிமையை இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளலாம். ஷாபிஈ மத்ஹபில் இதற்கு மூன்று நாள் வரை அவகாசம். அந்த நாட்களில் வேனைக் காட்ட வேண்டியவர்களிடம் காட்டிவிடலாம். முறிந்தால் முற்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டதை நாம் அறிவோம். மூடிய துருவும் திருப்பிய மீற்றரும் அந்த ஈரத்தைப் போன்றவைதான். வேனிலோ ஒரு குடும்பமே ஏறிப் போகிறது. குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்பதில்தான் பரக்கத் இருக்கிறது.