போறணைச் சூட்டில் எரியாதது

கண்டி வீதி வழியே சாவகச்சேரிக்குள் நுழைவோர் கடைப் பலகைகளில் "வெதுப்பகம்" என்னும் நல்ல தமிழ்ச் சொல்லைக் காண்பர். உள்ளே விற்பனையாகும் பாணும், அது வேகும் போறணையும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பெயர்களையே இன்றும் தாங்கி நிற்கின்றன. அந்நியர் கொணர்ந்த பண்டத்தை நம்மவர் தம் ஆசாரத்துக்கு எவ்வாறு இணங்கவைத்தனர் என்பது சுவையான கதை. ஈஸ்ற் பரவுவதற்கு முன் இந்நாட்டில் பாண் மாவைப் புளிக்கவைத்தது கள்ளு. அதன்பொருட்டே பாணை ஒதுக்கிய முதியோர் சிலரை நான் சிறுவயதிற் கண்டிருக்கிறேன். இன்றோ, வெள்ளிக்கிழமைக்கு முட்டையில்லாக் கேக் கேட்டு வாங்கலாம். மீன் பணிஸ் பெரும்பாலும் முக்கோண வடிவினது. பார்த்த மாத்திரத்தில் சைவர் விலகிக்கொள்வர். மீன் றோலைத் தொட்ட இடுக்கியால் மரக்கறி றோலை எடுத்தால், வாங்குபவர் முகம் சுளிப்பார். கடைக்காரரும் மறுபேச்சின்றி வேறொன்றை எடுத்துக் கொடுப்பார். "ஏன் உண்பதில்லை?" என்று எவரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. பிறர் விலக்கை மதிப்பது இவ்வூருக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டிய பாடமன்று.

அத்தகைய கடையொன்றிலேதான் பின்வரும் உரையாடலைக் கேட்டேன்.

"அண்ணை, இந்தக் கேக்கிலை கச்சான் சேர்ந்திருக்கோ? பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது."

"கஜுதான் ரீச்சர் போட்டது. கச்சான் கொஞ்சம் பட்டிருந்தாலும் போறணைச் சூட்டிலை எரிஞ்சு போயிடும்."

அந்த அம்மையார் வாங்காமலே சென்றார். கடைக்காரரோ நல்ல மனிதர். ஏமாற்றும் எண்ணம் அவருக்கில்லை. நெருப்பு எதையும் தூய்மையாக்கும் என்ற பழைய நம்பிக்கை அவர் வாயிலாகப் பேசிற்று. ஆனால் கச்சானின் புரதம் அந்நெருப்புக்கு அஞ்சுவதில்லை. வறுக்கும்போது ஒவ்வாமையைத் தூண்டும் வலு அதற்குக் கூடவும் கூடும். நன்றாக வெந்த முட்டையையும் பாலையும் ஒவ்வாமையுள்ள குழந்தைகள் சிலர் தாங்குவர் என்பது உண்மையே. எந்தக் குழந்தை தாங்கும் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். கடைக்காரர் சொல்ல இயலாது.

விரதம் தவறியவர் மனம் வருந்துவார். ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கோ உதடு வீங்கும், மூச்சுக்குழாய் இறுகும், இரத்த அழுத்தம் வீழும். அட்ரீனலின் ஊசி உடனே கிட்டாவிடில் உயிரே போகலாம். நம் கலியாண வீடுகளில் சிறு பெட்டியில் இட்டுத் தரும் கேக்கை எண்ணிப் பாருங்கள். ரவை, வெண்ணெய், முட்டை, கஜு ஆகிய நான்கும் ஒவ்வாமைப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பவை. பெட்டியின்மேல் மணமக்கள் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். உள்ளே இருப்பது இன்னதென்று ஓரெழுத்தும் இராது.

கோதுமையின் கதை வேறு. 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்து பாணின்றிப் பட்டினி கிடந்தது. ஊரெல்லாம் வாடியவேளையில், சீலியாக் என்னும் குடல்நோயால் மெலிந்திருந்த குழந்தைகள் தேறினர். கோதுமைமீது முன்னரே ஐயங்கொண்டிருந்த டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு அது வலுவான சான்றாயிற்று. 1950இல் அவரது ஆய்வேடு வெளிவந்தது. இந்நோயாளருக்கு அரிசிமாவும் ஒடியல்மாவும் குரக்கனும் தீங்கற்றவை. எனினும் நம் புட்டில் அரிசிமாவோடு அவித்த கோதுமை மாவைக் கலப்பது வழக்கம். பனங்காய்ப் பணியாரத்திலும் கோதுமை மா சேரும். குரக்கன் பாணிலும் அதுவே பெரும்பங்கு. கோதுமை மா புகைபோற் பறக்கும் அறையில், அதே மேசைமேல் அரிசிமாவைப் பிசைந்து "கோதுமையில்லாதது" என்று விற்பதைவிட, "எங்களிடம் ஏலாது" என்று சொல்லிவிடுவது மேல்.

சட்டம் இதற்குப் பரிகாரமாகுமா? நடாஷா எட்னன்-லப்பெரூஸ் என்ற 15 வயதுச் சிறுமி 2016இல், இங்கிலாந்தில் வாங்கிய பாணில் கலந்திருந்த எள்ளால் இறந்தாள். உறையில் எள்ளின் பெயர் இல்லை. கடையிலேயே பொதிந்து விற்கும் உணவுக்கும் சேர்மானம் முழுவதையும் எழுதவேண்டும் என்ற விதி 2021 அக்டோபரில் அங்கு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலோ, 2023இல் எள் கட்டாயப் பட்டியலிற் சேர்ந்தபோது, எள் படாமற் காப்பதினும் எளிதென்று, சில நிறுவனங்கள் எள்மாவை வேண்டுமென்றே சேர்த்து, "எள் உண்டு" என அச்சிட்டன. சட்டம் நிறைவேறிற்று, அதுவரை அஞ்சாமல் உண்டவர்களுக்கு அந்தப் பாணும் இல்லாமற் போயிற்று!

சிறு கடைக்காரரிடம் ஆய்வுகூடத்தை எவரும் கேட்கவில்லை. மீனுக்கும் மரக்கறிக்கும் வேறாக வைத்த இடுக்கியைப்போல் கச்சானுக்கும் ஒன்று வேண்டும். முட்டையோ கச்சானோ படாத கேக்கை, மேசையும் தட்டுகளும் கழுவிய விடியற்காலையில், முதல் ஈடாகவே போறணைக்குள் வைக்கலாம். அதனால் ஏறும் செலவில் ஒரு பங்கை வாங்குவோரும் தாங்கத்தான் வேண்டும். மாஜரின் பெட்டியின் பக்கத்திலுள்ள சிறிய எழுத்துகளையும் படிக்கவேண்டும். சிலவற்றிற் பாற்பொருள் கலந்திருக்கும். முட்டையில்லாக் கேக் என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றது என்று நம்பி விற்பவர்கள் அந்த எழுத்துகளை இன்னும் பார்த்ததில்லை.