நாற்பதுக்குக் கீழே ஒரு குழந்தை

பருத்திப்பட்டு, ஆவடிப் பக்கம் சிறப்புக் கல்வி என்று சொன்னால், பூந்தமல்லி அரசு பார்வையற்றோர் பள்ளி போன்ற தனி வளாகம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சட்டமோ பேச்சைப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கே கொண்டுவந்து பல வருடங்களாகிவிட்டன. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21ஆக்கியது. ஆட்டிசமும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அந்தப் பட்டியலில் ஏறின. அதன் 16ஆம் பிரிவு அரசுப் பள்ளியோடு நிற்கவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுவதால், பூந்தமல்லி சாலையில் வேன் விடும் தனியார் பள்ளியும் அதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் அட்மிஷன் மேசையில் இந்தச் சட்டம் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது: "சர்டிபிகேட்ல எத்தனை பர்சென்ட்?"

சிக்கல் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களைச் சட்டம் தனி வகையாக வைத்திருப்பது உண்மை. 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு ஆகியவை அவர்களுக்கே உரியவை. எண்ணிக்கைக்கு உட்பட்ட இடங்களைப் பங்கிடும்போது ஓர் எல்லைக்கோடு வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் சட்டத்தில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லுக்குத் தரப்பட்ட பொது விளக்கத்தில் சதவீதமே கிடையாது. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சூழலில் உள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கவிடாமல் செய்தால் போதும். சேர்க்கையில் பாகுபாடு காட்டாதிருத்தல், தேவைக்கேற்ற உதவி தருதல், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிதல் என 16ஆம் பிரிவு சொல்லும் எதற்கும் 40 என்ற வேலி போடப்படவில்லை. இலவசக் கல்விக்குப் போட்ட வேலியைத் தேர்வறையிலும் வகுப்பறையிலும் நட்டுவைத்தது நடைமுறையின் சோம்பேறித்தனம்.

இதை உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எழுதும்போது கை முறுக்கிக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்டார். மருத்துவச் சான்றிதழில் அவருக்குக் கிடைத்தது வெறும் 6 சதவீதம். 'விகாஷ் குமார்' என்று அறியப்படும் அந்த வழக்கில், எழுத்தர் உதவிக்கு 40 சதவீதத்தை நிபந்தனையாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. எழுதுவதில் சிரமம் இருந்தும் 40ஐத் தொடாதவர்களுக்கான தேர்வு நெறிமுறைகளை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. ஆறு சதவீதக்காரருக்குக் கிடைத்த நியாயம், முப்பது சதவீதச் சான்றிதழோடு வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இல்லை என்பதற்கு எந்தக் காரணமும் தென்படவில்லை.

குடும்பங்கள் பர்சென்டைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சொல் 'நியாயமான ஏற்பாடு'. படிக்கட்டு ஏற முடியாத பிள்ளையின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, வினாத்தாளைப் பெரிய எழுத்தில் தருவது, கூடுதல் நேரம் கொடுப்பது எல்லாம் இதில் வரும். இதை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்கிறது. ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள், சிறப்புப் பயிற்றுநரும் இல்லை, நாங்கள் என்ன செய்வது என்று பள்ளிகள் கேட்பதுண்டு. அளவுக்கு மீறிய சுமையை யாரும் ஏற்க வேண்டாம் என்று அதே விளக்கம் ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் முன்பெஞ்சில் உட்காரவைப்பது எந்தக் கணக்கில் சுமை? ஆள் பற்றாக்குறைக்கும் பதில் உண்டு. தொடக்கநிலையில் குறைபாடுள்ள பத்து பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் விகிதத்தை, உச்ச நீதிமன்றத்தின் 2021 அக்டோபர் உத்தரவைத் தொடர்ந்து, மத்திய அரசே 2022 செப்டம்பரில் வகுத்துக் கொடுத்தது. ஆள் போடாத குறையை ஈடுகட்ட, வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே இருக்கும் 'ஷேடோ டீச்சர்' சம்பளத்தைப் பெற்றோர் தலையில் கட்டுவது தீர்வாகாது.

இதையெல்லாம்விட உறுத்துவது, இங்கே எல்லாமே வாய்ப்பேச்சாக நடப்பதுதான். அமெரிக்காவில் 1975இலேயே வந்த சட்டம், தகுதிபெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோரும் உட்கார வேண்டும் என்றது. நம் சட்டமோ 'தனிப்பட்ட உதவி' என்று சொல்லிவிட்டு, அதை எந்தத் தாளில் எழுதுவது என்று சொல்லாமல் விட்டுவிட்டது. போதாக்குறைக்கு, பள்ளிகள் இவற்றைச் செய்யும்படி அரசு 'முயல வேண்டும்' என்ற தளர்ந்த வினையில்தான் 16ஆம் பிரிவே தொடங்குகிறது. "நாங்க பாத்துக்குறோம் மேடம்" என்ற வாக்குறுதி, வகுப்பாசிரியர் மாறிய ஜூன் மாதத்தில் காற்றில் போய்விடும். பத்தாம் வகுப்பில் மொழிப்பாட விலக்குக்கும் எழுத்தருக்கும் விண்ணப்பிக்கும்போதுதான், முந்தைய வருடங்களில் கேட்டதற்கும் கொடுத்ததற்கும் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை என்பது தெரியவருகிறது. கடிதம் கொடுத்தால் பள்ளியோடு உறவு கெடும், பிள்ளைதான் பாதிக்கப்படும் என்று பெற்றோர் தயங்குவது புரிகிறது. சண்டைத் தொனி இல்லாமலும் கடிதம் எழுதலாம். தேதி, பிள்ளைக்கு எதில் சிரமம், வேண்டிய ஏற்பாடு, 16ஆம் பிரிவு என்ற குறிப்பு, எழுத்தில் பதில் வேண்டும் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். அலுவலகத்தில் கொடுக்கும்போது நகலில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். முடியாது என்று பதில் வந்தால் அந்தத் தாளும் வீண்போகாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதும் புகாரில் அதுதான் முதல் இணைப்பு.