டாங்கனீகாவில் கடலையும் கிராமப் பேரவையும்

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள டான்சானியா நாட்டின் பெருநிலப் பகுதிக்கு முன்னாளில் டாங்கனீகா என்று பெயர். ஜெர்மானியர் வசமிருந்த அந்நாடு, முதல் உலக யுத்தத்திற்குப் பின் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கீழ் வந்து, 1961 டிசம்பர் 9-இல் சுதந்திரம் பெற்றது. கிராமத்தைப் பற்றிய முடிவைச் செய்பவர் யார் என்ற கேள்வி அன்னிய ஆட்சியிலும் சொந்த ஆட்சியிலும் அங்கு மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இது புதிய கேள்வியன்று.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பிரிட்டனில் சமையல் கொழுப்புக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அதனைப் போக்க, 30 லட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கரில் நிலக்கடலை பயிரிடுவதென 1946-இல் திட்டம் தீட்டப்பட்டது. அதில் பெரும்பகுதி டாங்கனீகாவில். மறு ஆண்டு கோங்வா என்னுமிடத்தில் வேலை தொடங்கிற்று. யுத்தத்தில் மிஞ்சிய டிராக்டர்களும், டாங்கிகளை மாற்றியமைத்த இயந்திரங்களும் வந்திறங்கின. அப்பகுதியில் வாழும் கோகோ மக்கள், மழை பொய்க்கும் பூமியென அதனை நன்கறிந்தவர்கள். அவர்தம் அனுபவத்தைத் திட்டம் வகுத்தோர் பொருட்படுத்தவில்லை.

கடலையின் இயல்பை நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விழுது மண்ணில் இறங்கினாலன்றிக் காய் பிடிக்காது. பறிக்கும் காலத்தில் மண் இளகியிராவிடில் காய் மண்ணிலேயே நின்றுவிடும். கோங்வா மண்ணோ களிப்பு மிக்கது. மழை நின்றதும் செங்கல் போல் இறுகிற்று. முதலாண்டு இலக்கில் பத்தில் ஒரு பங்கும் பயிராகவில்லை. 1951-இல் திட்டம் கைவிடப்பட்டபோது 3 கோடியே 60 லட்சம் பவுன் வீணாகியிருந்தது. பத்து ஏக்கரில் ஓரிரு ஆண்டு பயிரிட்டுப் பார்த்திருந்தால் அத்தொகை மிஞ்சியிருக்கும்!

சுதந்திர நாட்டின் தலைவர் ஜூலியஸ் நைரேரே, முன்பு பள்ளி ஆசிரியர். 120-க்கு மேற்பட்ட இனத்தாரைச் சுவாஹிலி மொழியின் வழியே ஒரு தேசமாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. மக்கள் விரும்பிக் கூடி உழைக்கும் ‘உஜமா’ கிராமங்களை 1967-இல் அவர் வேண்டினார். குடும்பப் பாங்கு என்பது அச்சொல்லின் பொருள். ரூவுமா வட்டாரத்திலோ அதற்கு முன்பே சில கிராமங்கள் தாமாகக் கூடிச் சங்கம் அமைத்து முன்னேறி வந்தன. மேலிடத்துக்குக் கட்டுப்படாத அச்சங்கத்தை ஆளுங்கட்சி 1969-இல் கலைத்துவிட்டது. கடலைத் திட்டத்தைவிடப் பெரிய நஷ்டம் இதுவென்றே எண்ணத் தோன்றுகிறது.

1976 முடிவுக்குள் யாவரும் கிராமங்களில் குடியேற வேண்டுமென 1973-இல் உத்தரவு பிறந்தது. 50 லட்சம் பேரேனும் இடம் பெயர்க்கப்பட்டனர். சிலவிடங்களில் பழைய வீடுகள் கொளுத்தப்பட்டன. பள்ளியும் மருந்தகமும் பலருக்கு அருகில் வந்தது மெய்யே. ஆயினும் வயல் வீட்டிலிருந்து தொலைவாயிற்று. வறட்சியும் சேரவே, உணவு தானியத்தை ஏராளமாக இறக்குமதி செய்ய நேர்ந்தது.

கட்டாயக் குடியேற்றத்துக்கிடையே 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய கிராம மன்றமும், 18 வயது நிரம்பிய அனைவரும் அமரும் கிராமப் பேரவையும் நிலைத்துவிட்டன. 1999-இல் இயற்றப்பட்ட கிராம நிலச் சட்டப்படி, பேரவையின் இசைவின்றி மன்றம் எவருக்கும் நிலம் ஒதுக்கலாகாது. பெண்டிருக்கும் ஆடவருக்குச் சமமான உரிமை உண்டு. எனினும் பொது நலனுக்கெனக் கிராம நிலத்தை எடுக்கும் அதிகாரம் ஜனாதிபதியிடம் உள்ளது. அந்நிலம் 250 ஹெக்டேருக்குக் குறைவெனில் ஏற்பதும் மறுப்பதும் பேரவையின் உரிமை. அதற்கு மேற்படின், பேரவையின் கருத்தைக் கேட்டபின் அமைச்சரே முடிவு செய்வார்.